கிளாரியின் கறுப்புத் திரை

எங்கள் படகுத்துறையிலிருந்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் எங்கள் கடல்மீட்புக் குழுவின் வானொலியில் பேர் கொடுத்துவிட்டுப் போவார்கள். கரைக்குத் திரும்பியதும் மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவது இந்த ஊர் ஆண்களின் பிறவிக்குணம். அதனால் ஒரு படகுக்கு நேரம் தாண்டினால் நாங்கள் முதலில் போன் போடுவது மதுக்கடைக்குத்தான்.

பத்தொன்பது வருஷமாக அந்தப் பட்டியலைக் கவனித்துவந்தவர் கிளாரி. இப்போது அவருக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. போன மாதம் ஒரு படகு திரும்பியதை வேறொரு படகின் வரியில் பதிந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எங்கள் தலைவர் நெவில், இந்த ஞாயிறோடு கிளாரிக்கு வானொலி போதும், இனி குழுவின் நிதிக்காக வாசலில் சாசேஜ் சுட்டு விற்கட்டும் என்று சொல்லிவிட்டார். கிளாரியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை கிளாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டியல் அவர் கண்ணுக்குத் தெரியும்படி செய்யக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றேன். எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் இரண்டே படகுகள்தான் தெரிந்தன.

"மத்த ஒன்பதையும் முழுங்கிட்டியா?" என்றார் கிளாரி.

சிறிதாக்கினால் அவருக்குப் படிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவரே சொன்னார்: "எழுத்து இல்லம்மா. அந்த வெள்ளைதான் கண்ணைக் குத்துது."

பின்னணியைக் கறுப்பாக்கினேன். மஞ்சள் எழுத்து, நடுத்தர அளவு. மவுஸ் அம்புக்குறி கட்டைவிரல் பருமனில், ரோஸ் நிறத்தில். கிளாரி அதைத் திரை முழுக்க ஓட்டிப் பார்த்துச் சிரித்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நெவில் வந்தார். பக்கத்து மேசையில் இருந்த தன் திரையில் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று, பூட்டலாம் என்றார்.

"டக்கியோட படகு வரலையே," என்றார் கிளாரி.

நேரம் தாண்டிய படகின் வரியில் எழுத்து வெளுத்துவிடும். நெவிலின் வெள்ளைத் திரையில் அது இருக்கிற இடமே தெரியவில்லை. கிளாரியின் கறுப்பில் பளிச்சென்று நின்றது. டக்கி மதுக்கடையில்தான் இருப்பான் என்று நெவில் சிரித்துக்கொண்டே போன் போட்டார். அவன் ஸ்டூல் காலியாக இருக்கிறது என்றார்கள். நெவிலின் சிரிப்பு நின்றது.

மீட்புப் படகு போனது. கிளாரி மைக்கை விடாமல் டக்கியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் ஆள் கிடைத்தான். படகு மணல்திட்டில் ஏறி, பேட்டரியும் செத்து, டக்கியும் அவன் மச்சானும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்களாம். தூண்டில் இரையைச் சாப்பிடலாமா என்று ஆலோசனை வேறு நடந்ததாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அடுத்த ஞாயிறு சுவரில் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல் தொங்கியது. வானொலி: கிளாரி. வாசலில் இடுக்கியோடு நின்றவர் நெவில். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கிளாரிக்குச் செஞ்சியே, அதை எனக்கும் செஞ்சு விடேன். ரெண்டு வருஷமா எனக்கும் சரியாத் தெரியல."

அடுப்பைப் பார்த்தேன். சாசேஜ் எல்லாம் ஒரு பக்கம் கரிக்கட்டை.

"முதல்ல கிளாரிகிட்ட போய் இதைச் சொல்லுங்க," என்றேன்.

 நெவில் இருப்பதில் கருகாத ஒரு சாசேஜைத் தேடி எடுத்து, ரொட்டியில் வைத்து, மேலே வெங்காயம் போட்டு, வானொலி அறைக்குள் கொண்டுபோனார்.