ஆட்களுக்கு முன்னால்

...ஓம் என்று சொல்லிவிட வேண்டியதுதான், ஆலோசகர் றூத் கேட்டவுடன் சொல்லிவிட வேண்டும், யோசிக்க வெளிக்கிட்டால் போச்சு... பஸ்ஸில் வரும்போது ஆங்கிலத்தில் யெஸ் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்திலிருந்தவன் திரும்பிப் பார்த்தான், பார்க்கட்டும். செயின்ட்-மிஷேலில் ஒரு சிறிய வீடு, மனிசனை விட்டு வந்தால் எனக்கும் மகள் கஜந்தினிக்கும் காணும், இன்றைக்கு முடிவு சொல்லாவிட்டால் காத்திருக்கிற வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று போன கிழமை றூத் சொன்னாள். வற்புறுத்தவில்லை. இந்த இடத்தில் எவரும் எதையும் வற்புறுத்துவதில்லை, அதுதான் கரைச்சல், வற்புறுத்தியிருந்தால் பழியை அவர்கள் தலையில் போட்டுவிட்டுப் போயிருப்பேனே. யூத ஆட்களின் நலச்சேவை நிலையம், நீ யூதப் பெண்ணோ என்று முதல்நாள் வாசலில் ஒருத்தரும் கேட்கவில்லை, குளிருதா என்றுதான் கேட்டார்கள். நான் காத்திருக்கிற கூடத்தில் சுவரோரம் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள், அவர்களுடைய பாஸ்காப் பெருநாள் வருகிறதாம், இல்லாத வீடுகளுக்கு உணவுப் பொதி, தொண்டர்கள் கட்டிக் கட்டி அடுக்குகிறார்கள், ஆச்சரியம் என்னவென்றால் எவரும் படம் எடுக்கவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு மூட்டை அரிசி கொடுப்பதென்றால் மூட்டையைப் பிடிக்க நாலு கை, பின்னால் ஒரு வரிசைத் தலை, வாங்குகிற மனிசி மட்டும் படத்துக்கு வெளியே நிற்பாள்.

என்னை இங்கே அனுப்பியது ஆர் என்று நினைத்தால் சிரிப்பு வரும். சங்கக் கலண்டரில், தலைவர் கிருபானந்தன் அவர்கள் கைகூப்பி நிற்கிற படத்துக்குக் கீழே, குடும்ப ஆலோசனைச் சேவை, எந்த நேரமும் அழைக்கலாம், இரகசியம் காக்கப்படும் என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கிறது. அது எங்கள் வீட்டுக் குசினி இலக்கம். எடுப்பது தலைவரின் மனைவி. கையில் வெங்காயமும் தோளில் ரிசீவருமாக எத்தனை பெண்களுக்கு, கொஞ்சம் பொறுத்துப் போங்கோ, பிள்ளையளை யோசியுங்கோ என்று ஆலோசனை சொல்லியிருக்கிறேன். புஷ்பவதி என்று ஒருத்தி, முகம் தெரியாது, ஒருநாள் எல்லாம் கேட்டுவிட்டு, அக்கா, நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் உங்களுக்கும் ஆரோ ஆலோசனை சொல்லவேணும் போல கிடக்கு என்றாள், தான் யூத ஆட்களிடம் போகிறதாகச் சொல்லி விலாசத்தையும் தந்தாள். கோபம்தான் வந்தது. விலாசத்தை மட்டும் மறக்கவில்லை. எனக்கு ஒன்றென்றால் நான் எந்த இலக்கத்துக்கு எடுப்பது, என் குசினிக்கே எடுத்து நானே ஹலோ சொல்லவா?

அடித்தாரா என்று றூத் முதலில் கேட்டாள். இல்லை. குடிக்கிறாரா, இல்லை. பிறகென்ன என்று கேட்கவில்லை, காத்திருந்தாள். என்னோடு கதைப்பதில்லை என்றேன். போன வருசப் பொங்கல் விழாவில் மேடையில் நின்று, என் இல்லத்தில் முடிவெடுப்பது என் துணைவியாரே என்றார், முன்வரிசையில் இருந்த நான் சிரித்துவிட்டேன், வேண்டுமென்று இல்லை, வந்துவிட்டது, நல்ல சத்தமாகவும் வந்துவிட்டது. அன்று தொடங்கிய மௌனம், அடுத்த பொங்கலும் போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கதைப்பார், இஞ்சேரும், தேத்தண்ணி கொண்டாரும், உமக்கு இருமல் சுகமே... ஆட்கள் சப்பாத்தைப் போட்டுக் கதவைச் சாத்தினதும் நான் மறுபடி கதிரை மேசை மாதிரி ஒரு தளபாடம். ஆட்கள் வரட்டும் என்று நானே பலகாரம் சுட்டு ஆட்களைக் கூப்பிட்ட நாட்களும் உண்டு, அதை றூத்திடம் சொல்லவில்லை. நேற்றும் கஜந்தினிதான் தூது, அப்பா அறுபது றோல்ஸ் கேக்கிறார், ஏதோ தூதுக்குழுவாம் என்று பிரெஞ்சு பாதி தமிழ் பாதியாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டது. எங்கே, எதற்கு, நான் கேட்கவில்லை, ஆரிடம் கேட்பது...

கதவு திறந்தது, முதலில் உள்ளே வந்தது என் அலுமினியத் தட்டு, நான் நேற்று மூடின அதே தாள், அதைத் தாங்கிக்கொண்டு செயலாளர் அருமைராசா, பின்னால் பொன்னாடைப் பையோடு, கோட்டும் டையுமாக, அவர். இங்கேயா, இத்தனை பெரிய மொன்ரியலில் இந்தக் கதவுக்குள்ளா... பிறகு விளங்கியது, ஒவ்வொரு பேச்சிலும் நாங்கள் யூதர்களைப் போல எழவேண்டும் என்பாரே, எப்படி எழுவது என்று கேட்க வந்திருக்கிறார். வரவேற்பு மேசைப் பெண் தட்டைப் பார்த்ததும் எழும்பிவிட்டாள், மன்னிக்கவேண்டும், வெளியில் சமைத்த சாப்பாடு உள்ளே வராது, அதிலும் புளித்த மா ஆகாத இந்தப் பெருநாளுக்கு முதல் பாண்துகள்கூட வைத்திருக்கமாட்டோம். அறுபது றோல்ஸ், ஒவ்வொன்றும் பாண்தூளில் பிரட்டிப் பொரித்தது. எனக்கு இது வந்த புதிதிலேயே தெரியும், றூத்துக்கு வடை கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோனவள் நான், ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அருமைராசா தட்டோடு திரும்பினான், என்னைக் கண்டான். “என்னக்கா, நீங்களும் இஞ்சை நிக்கிறியள்?” இதோ போச்சு. பின்னேரத்துக்குள் எங்கள் ஆட்கள் இருக்கிற கோட்-டெ-நெய்ஜ் முழுக்கத் தெரியும், தலைவரின் மனிசி யூத ஆட்களிடம் முறைப்பாடு வைத்தாள் என்று. அவர் முகம் ஒருதரம் வெளிறியது, ஒரு கண்வெட்டுத்தான், பிறகு மேடை முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. “உமக்குத் தெரியாதே, அருமை? அவ இஞ்சை தொண்டு செய்யிறா. நான்தான் போகச் சொன்னனான், போய்ப் பழகும், பேந்து எங்கடை சங்கத்துக்கும் உதவும் எண்டு.” என்னிடம் திரும்பினார். “என்ன, ஈஸ்வரி, காலமை சாப்பிட்டீரே?”

ஈஸ்வரி. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் வாயில் என் பெயர்... “ஓம்” என்றேன். சாப்பிடவில்லை. தொண்டு, சாப்பாடு, அவர் அனுப்பினது, எல்லாப் பொய்க்கும் சேர்த்து ஒரே ஓம், றூத்துக்கென்று பஸ்ஸில் பழக்கிக்கொண்டு வந்ததைவிட நன்றாகவே வந்தது. “அண்ணை சொன்னால் சொன்னதுதான், அக்கா குடுத்து வைச்சவ” என்றான் அருமைராசா, றோல்ஸைக் காருக்குக் கொண்டுபோனான். இனி அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை, வந்தது வேறு ஏதோ, நெஞ்சுக்குள் வெட்கங்கெட்ட ஒரு சூடு... அதற்குள் றூத் வந்து என் முழுப் பெயரையும் ஜெ-க-தீஸ்-வ-ரி என்று மினக்கெட்டுக் கூப்பிட்டாள். அவர் நின்று, பெரிய மனிதர்கள் செய்வதுபோல், எனக்கு வழி விட்டார்.

அறையில் அதே மெத்தைக் கதிரை, அதே டிஷ்யூப் பெட்டி. றூத் வீட்டைப் பற்றிக் கேட்டாள், முடிவெடுத்தாயா என்று, கேட்டுவிட்டு வழக்கம்போல் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கூட்ட அறை போலிருக்கிறது, அவருடைய குரல் தொடங்கிவிட்டது, மைக் இல்லாமலே மைக் குரல், எமது சமூகம், எமது குடும்பங்கள், எமது பெண்கள்... சொல்லு, இப்போதாவது சொல்லு, ஒரு சொல்தானே. வாயைத் திறந்தேன், பிறகு மெல்ல மூடிக்கொண்டேன், சத்தம் இடையில் விழக்கூடாது என்பதுபோல. அவர் ஈஸ்வரி என்று ஏதாவது சொல்கிறாரா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.