பஜாரில் வாங்கிய ஜாக்கெட்

முப்பத்தொரு வயது வரை என் தங்கை ஹிமேனா பனியில் கால் வைத்ததில்லை. எனக்கு அவளைவிட நான்கு வயது கூடுதல், நானும் வைத்ததில்லை. தெமூகோ நகரில் எங்கள் வீட்டு மாடிச் சன்னலைத் திறந்தால், வானம் தெளிந்த நாளில் எரிமலை வெள்ளையாக நிற்கும். வெளியூர்க்காரர்கள் தோளில் சறுக்குப் பலகைகளோடு பஸ் மாறுவதை பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பதினாறு வருடமாகப் பார்க்கிறவள் நான்.

"நம்ம மலைதானே அது," என்றாள் ஹிமேனா ஒருநாள். "சந்தியாகோக்காரங்க சறுக்கறாங்க, நாம டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறோம். வெக்கமா இல்ல?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்போது போனால் மலிவு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஜூலை எங்களுக்கு நடுக்குளிர்காலம், பள்ளிக்கூட லீவு, எல்லாம் இரட்டை விலை. ஆகஸ்ட் கடைசியில், திங்கள் முதல் வியாழன் வரை போவதென்று முடிவுசெய்தோம். மலைமேல் விடுதி வேண்டாம், அடிவாரத்து ஊரில் ஒரு வீட்டில் அறை. பலகையும் பூட்ஸும் ஊருக்குள்ளேயே வாடகைக்கு எடுத்தால் மேலே கேட்பதில் பாதிதான். முதல் நாள் புதியவர்களோடு கூட்டுப் பாடம். மத்தியானத்துக்கு ரொட்டி, பால்டா என்கிற வெண்ணெய்ப் பழம், பிளாஸ்கில் டீ. என் ஜாக்கெட் ஒன்றுவிட்ட அக்காவிடம் இரவல் வாங்கியது. ஹிமேனாவுக்குத்தான் கிடைக்கவில்லை. "அங்க போய்ப் பாத்துக்கலாம் விடு," என்றாள்.

அங்கே போய்ப் பார்த்தோம். பஸ் நின்ற இடத்துக்கு எதிரே மாதா கோயில் கூடத்தில் பழந்துணி பஜார். குவியலுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் ஜாக்கெட்டை உருவினாள் ஹிமேனா. நல்ல கனம், கிழிசல் இல்லை. இடது முழங்கையில் மட்டும் பச்சைத் துணியில் இலை வடிவத்தில் ஓர் ஒட்டு. நாலாயிரம் பெசோ. அவளுக்கென்றே தைத்தது போல் இருந்தது. கழற்ற மனமில்லாமல் போட்டுக்கொண்டே நடந்தாள்.

நாங்கள் தங்க வேண்டிய வீட்டுக்காரி எர்மெலிந்தா, மரியாதையாக டோன்யா என்று கூப்பிடுவார்கள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஹிமேனாவின் கையைப் பிடித்து முழங்கையைத் திருப்பினாள். அந்தப் பச்சை இலையைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது எங்க கெடச்சுது?"

"கோயில் பஜார்ல, டோன்யா. ஏன், அழுக்கா இருக்கா?"

"இல்ல," என்றாள். "தொவைச்சதுதான்." அப்புறம் எங்களுக்கு அறையைக் காட்டிவிட்டுப் போனவள் அன்று மறுபடி வெளியே வரவில்லை. இரவுச் சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். அவளுடைய கணவர் சறுக்க வருகிறவர்களை மலையுச்சிக்கு ஏற்றும் நாற்காலி லிஃப்ட் ஓட்டுகிறவர் என்பதும், விடியும் முன்னே வேலைக்காரர்களின் வேனில் போய்விடுவார் என்பதும் மட்டும் பக்கத்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

காலையில் நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கு வந்தாள். ஹிமேனாவின் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். "நாலு மணிக்கு முன்னாடி எறங்கிடு," என்றாள். "மூடுபனி சொல்லிட்டு வராது."

பாடம் நன்றாகத்தான் போனது. நான் பதினோரு தடவை விழுந்தேன், ஹிமேனா நான்கு தடவை. பலகைகளின் முனைகளைச் சேர்த்து ஆப்பு மாதிரி வைத்தால் நிற்கலாம் என்று கற்றுக்கொண்டோம். மூன்று மணிக்கு அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. நாற்காலி லிஃப்டில் ஒரு தடவை மேலே போய் அகலமான பாதையில் இறங்கலாம் என்றாள். அதற்குள் மலையின் தோளிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஐந்தாவது கம்பத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நாற்காலிகள் காலியாக அதற்குள் போய், காலியாகவே திரும்பி வந்தன.

லிஃப்ட் அருகே அறுபது வயதுக்காரர் ஒருவர் பனியை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஹிமேனா அவரை நோக்கி வழுக்கி வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டி கைநழுவி விழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு சுத்து, பெரியவரே," என்றாள் ஹிமேனா சிரித்துக்கொண்டே.

அவர் ஓடிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார். சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். "என்னய்யா இது, மணி மூணரைகூட ஆகல!" அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"கெடையாது," என்றார். "இன்னிக்கு உன்னய ஏத்த மாட்டேன். எறங்கு. வீட்டுக்குப் போ, மிலாராய்."

என் தங்கையின் சிரிப்பு மறைந்தது. "என் பேரு ஹிமேனா, ஐயா."

அவர் அவளுடைய முகத்தை அப்போதுதான் பார்த்தார். பனிமேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர்தான் எர்மெலிந்தாவின் கணவர், டோன் எலியசார். மிலாராய் அவர்களுடைய ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதம், இதே போன்ற மூடுபனியில் இந்த லிஃப்டில் ஏறிப்போனவள், பாதை தவறிப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

"அன்னிக்கு அவ போட்டிருந்த ஜாக்கெட்டு பெட்டிக்குள்ள இருந்துச்சு," என்றார். "அது வீட்டுல இருக்கற வரைக்கும் என்னால மூச்சு விட முடியல. போன வாரம் எர்மெலிந்தாவுக்குத் தெரியாம பஜாருக்குக் குடுத்துட்டேன். வெளியூர்க்காரங்க வாங்கிட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன்." அவர் ஹிமேனாவைப் பார்க்காமல் சொன்னார்: "திரும்ப எங்கிட்டயே வந்து அதே வார்த்தய கேக்குது."

நாங்கள் மூவரும் ஒரே வேனில் இறங்கினோம். வழியெல்லாம் ஹிமேனா ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள், தூங்கும் குழந்தையை வைத்திருப்பது போல. வீட்டுக்குள் நுழைந்ததும் அதை எர்மெலிந்தாவிடம் நீட்டினாள்.

"எங்களுக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிருங்க."

எர்மெலிந்தா வாங்கவில்லை. அடுப்பருகே ஒரு நாற்காலியை இழுத்து, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். "போட்டுக்கிட்டு உக்காரு," என்றாள். "எனக்கு முதுகக் காட்டி. நான் உருளக்கெழங்கு உரிச்சு முடிக்கற வரைக்கும்."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஹிமேனா என்னைப் பார்த்தாள், பிறகு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

எர்மெலிந்தா உரிக்க ஆரம்பித்தாள். தோல் நீளநீளமாக விழுந்தது. மஞ்சள் முதுகைப் பார்த்து, ஏதோ மகள் கடைக்குப் போய்த் தாமதமாக வந்தது போல் பேசினாள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். கூரை மாற்றியதைச் சொன்னாள். "உங்கப்பா எங்கூடப் பேசி மூணு வருஷமாச்சுடி," என்றாள்.

கதவருகே நின்ற எலியசார் ஓரடி உள்ளே வைத்தார். "நான்தான் ஏத்திவிட்டேன், எர்மெலிந்தா. மூடுபனியப் பாத்தேன். இன்னும் ஒரே ஒரு சுத்துப்பான்னு கேட்டா. ஏத்திவிட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள், தலை நிமிராமல். "அவ கேட்டு நீ என்னிக்கு இல்லன்னிருக்க? நீயா சொல்லுவன்னு காத்திருந்தேன்."

கடைசிக் கிழங்கு கையில் இருந்தது. கத்தியை வைத்துவிட்டு அந்த முதுகிடம் கேட்டாள்: "ரொம்பக் குளிருச்சா கண்ணு?"

அடுப்பில் விறகு வெடித்தது.

"கொஞ்ச நேரந்தாம்மா," என்றாள் ஹிமேனா. "அப்புறம் தூக்கம் வந்துருச்சு."

எர்மெலிந்தா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். எலியசார் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என் தங்கையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். அவளுடைய விரல்கள் பனிக்கட்டி போல் இருந்தன, அத்தனை நேரம் அடுப்பருகே இருந்தும்.

ஜாக்கெட் அவர்களிடமே இருந்துவிட்டது. மறுநாள் எலியசார் தன் வேலைக் கோட்டு ஒன்றை ஹிமேனாவுக்குக் கொடுத்தார், அவளுக்கு அது முழங்காலைத் தொடும் நீளம். வானம் கண்ணாடி போல் இருந்தது. அவரே நாற்காலியைப் பிடித்து அவளை ஏற்றிவிட்டார். அவள் கீழே வந்து சேரும்வரை வேறு யாரையும் ஏற்றாமல் மலையைப் பார்த்தபடி நின்றார். வரிசையில் யாரும் கத்தவில்லை. இரண்டு தடவை விழுந்து எழுந்து அவள் வந்து நின்றதும், கையுறையைக் கழற்றிவிட்டு அவளுடைய கையைக் குலுக்கினார்.

வியாழக்கிழமை திரும்பும் பஸ்ஸில் ஹிமேனா கைகளை அக்குளில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லதுதான் பண்ணின," என்றேன். "அந்தம்மாவுக்கு ஒரு பதில் வேணும். பொய்யா இருந்தா என்ன?"

"அக்கா, நான் பொய் சொல்லணும்னு நெனைக்கல," என்றாள். "'எனக்கு எப்படிம்மா தெரியும்'னு அவங்ககிட்ட சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வேற வார்த்த வந்துருச்சு."

பஸ் தெமூகோவுக்குள் நுழையும்வரை, இன்னும் சில்லிட்டிருந்த அவள் கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.