வெற்று ஓட்டத்தில் ஒரு முகடு

ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் நபுல் ஊரில் யாருக்கும் மூக்கு வேலை செய்யாது. வீட்டுக்கு வீடு நாரத்தம்பூவைக் காய்ச்சிப் பூநீர் இறக்குவார்கள். ஊரே மணக்கும், எங்களுக்கு உறைக்காது. இல்லையென்றால் ஃபத்ஹியின் தப்பை நான் முதல் நாளே பிடித்திருப்பேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாயுப் பகுப்பு இயந்திரத்தில் பயிற்சி எடுத்தது நாங்கள் இருவர்தான். கடைசித் தேர்வில் நான் தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி. ஃபத்ஹிக்கு அப்படியில்லை. தேறினால் சொந்த ஊரிலேயே, மகள் நுஹாவோடு இருக்கலாம். தேறாவிட்டால் மறுபடி தெற்கே, தத்தாவீன் கிளைக்கு. தாயில்லாத பிள்ளையை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

தேர்வு ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. சோதிக்க வேண்டிய மாதிரிக்கு முன்னால் சுத்தமான கரைப்பானை மட்டும் செலுத்த வேண்டும். அதுதான் வெற்று ஓட்டம். அதில் வேறெதுவும் கலக்கவில்லை என்பதற்குத் திரையில் கோடு தட்டையாகப் போக வேண்டும். என் கோடு தட்டையாகப் போனது. அவர் கோட்டில் தினமும் ஒரே இடத்தில் ஒரு சின்ன முகடு எழுந்தது. இயந்திரம் அதற்குப் பெயரும் சொன்னது: லினலூல், பூவாசத்தின் சரக்கு.

ஊசியை மாற்றினோம். ரப்பர் அடைப்பை மாற்றினோம். குழாய் நுனியை நறுக்கினோம். முகடு போகவில்லை, எனக்குத்தான் பொறுமை போனது.

"வர்ற வழியில பூச்சந்தையில உருண்டுட்டு வர்றீங்களா ஃபத்ஹி?"

"நாளைக்குப் பரீட்சை. கேலி பண்ண இன்னைக்குத்தான் கிடைச்சுதா, வஜீஹா?"

அப்போது அவர் கரைப்பான் குப்பிக்கு மூடி அழுத்திக்கொண்டிருந்தார், வெறுங்கையால். அவருடைய பெரிய கைக்கு அளவான உறை எங்கள் கூடத்தில் கிடையாது.

"கையக் காட்டுங்க."

மூக்கை ஒட்டி வைத்த பிறகுதான் தெரிந்தது. விரல் நுனியிலிருந்து சட்டைக் கை வரை பூநீர் வாசம்.

"நுஹா," என்றார். "காலையில கிளம்பறப்ப தெளிச்சு விடுவா. அவ அம்மா காய்ச்சி வச்சது. தெளிச்சு அனுப்புனா போனவங்க திரும்பி வந்துருவாங்களாம். அவ அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு அவசரத்துல இவ தெளிக்க மறந்துட்டாளாம்."

அவர் கையிலிருந்த குப்பியை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"இதுதான் காரணம்னு தோணவே இல்ல வஜீஹா. நாளைக்கு வேணாம்னு எப்படிச் சொல்வேன் அவகிட்ட?"

"சொன்னீங்கன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

என் அண்ணன் கால்நடை மருத்துவர். அன்று மாலையே அவன் பையிலிருந்து பெரிய உறைகளை எடுத்து வந்து ஃபத்ஹியிடம் கொடுத்தேன்.

"மாட்டு டாக்டர் உறையா?"

"ஆமா. அளவா இருக்கும்."

மறுநாள் காலை நுஹா வழக்கம்போலத் தெளித்தாள். ஃபத்ஹி சட்டைக் கையைச் சுருட்டி, உறையை மாட்டி, குப்பியை மூடினார். கோடு தட்டையாகப் போனது. பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகும் அவர் அந்தத் தட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுப் பூநீர்ப் புட்டியும் தீரப்போவுது," என்றார். "எனக்குக் காய்ச்சத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை பூ வாங்கிக்கொண்டு நானே போனேன். நுஹா காம்பு கிள்ளினாள், நான் காய்ச்சினேன், அவர் உதவுகிறேன் என்று அடுப்பை இரண்டு முறை தெரியாமல் அணைத்தார். மறுநாள் காலை மறுபடி போய், என் பங்குப் பூநீரை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே வேலைக்குக் கிளம்பினேன். வாசலில் நுஹா வழிமறித்தாள், பழைய புட்டியோடு.

"கைய நீட்டுங்க அத்தை."

"புதுசு அவ்வளவு இருக்கேடா. அதைத் தெளியேன்."

"அது வேலை செய்யுமான்னு தெரியாது. இது அம்மாது."

புட்டியைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி, மிச்சமிருந்ததை என் உள்ளங்கையில் விட்டாள்.

அன்று மாதிரி எதுவும் வரவில்லை. இயந்திரத்தைச் சும்மா ஓட்டிப் பார்க்கும் நாள். உறைப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை, வெறுங்கையாலேயே குப்பியை மூடினேன்.

திரையில், அதே இடத்தில், ஒரு சின்ன முகடு எழுந்தது.

ஃபத்ஹி பின்னால் வந்து நின்றார். "ஊசிய மாத்திப் பாக்கலாமா?"

"சும்மா இருங்க," என்றேன். அந்த முகடு மெல்ல இறங்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.