ஓட்டை இல்லாத ஒரு காரணம்

பள்ளியில் அவருக்கு ஓட்டை சார் என்று பெயர். அவர் காதில் விழும்படியாகவே சொல்வார்கள். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பல்லி சார், பரட்டை சார் என்றெல்லாம் பட்டம் வாங்கியவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிப்பவர், தன் பட்டத்தில் பாடமாவது இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

பதினோராம் வகுப்புக்கு வாரத்தில் சில பீரியடுகள் அவருடையவை. நியாயமாகப் பேசி ஒருவரை இணங்க வைப்பது எப்படி, அப்படிப் பேசுகிற மாதிரி ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது எப்படி, இவ்வளவுதான் பாடம். புத்தகத்தில் ஒவ்வொரு பிழைக்கும் வாயில் நுழையாத பெயர் போட்டிருந்தது. அவர் அவற்றை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, வீட்டில் புழங்கும் பெயர்களாகப் பார்த்து வைத்தார். ஒன்றுக்கு அடுத்து இன்னொன்று நடந்ததால் முதலாவதுதான் காரணம் என்று சாதித்தால் அது 'காக்காய் உட்காரப் பனம்பழம்'. ஒருவனைப் பார்த்துவிட்டு ஊரையே எடைபோட்டால் 'ஒரு சோறு'. பயமுறுத்திக் காரியம் சாதித்தால் 'பூச்சாண்டி'. எல்லாரும் செய்கிறார்களே என்றால் 'மந்தை'. சொன்னதை விட்டுவிட்டு, சொன்னவனையும் அவன் உள்நோக்கத்தையும் பிடித்துக்கொண்டால் 'ஆளை அடி'. பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் யாராவது கையைத் தூக்கிப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், பேசியவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

பிள்ளைகள் இதை வகுப்போடு விட்டிருந்தால் வம்பில்லை. படிக்காவிட்டால் தெருவில்தான் நிற்பாய் என்று சொன்ன ஒரு தகப்பனுக்கு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் "பூச்சாண்டி" என்று பதில் வந்திருக்கிறது. அந்த மனிதர் பள்ளிக்கே வந்து மூச்சிரைக்கப் புகார் சொன்னார். ஓட்டை சார் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டார். அந்தத் தகப்பன் போனதும் வயிறு வலிக்கச் சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

வந்தது. அவருடைய முதல் மாணவி அவர் மகள்தான். பேச்சு வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அப்பாவோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள். கப்பல் இன்ஜின் படிப்பு படித்தாள். படிப்பு முடிந்ததும் துறைமுக அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் நல்ல வேலையாக உட்காருவாள் என்று இவராகவே முடிவு கட்டியிருந்தார். அவளோ சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்கு எழுதிப் போட்டாள், கிடைத்தும்விட்டது. ஏறினால் ஒன்பது மாதம் கடல்தான். திங்கட்கிழமைக்குள் வருகிறாளா இல்லையா என்று கப்பல் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

இவர் கூடவே கூடாது என்றார். ஏன் என்று அவள் கேட்டாள். கடல் ஆபத்து என்றார். "நீங்க மட்டும் ஸ்கூட்டர்ல ஹெல்மெட் போடுறீங்களா?" என்றாள். ஆளை அடிக்காதே என்று இவர் மடக்கினார். அவளும் நியாயஸ்தி, தப்பு என்று உடனே ஒப்புக்கொண்டு, வேறு பக்கமாக வந்து அவர் வாதத்தை உடைத்தாள். அதற்கு மேல் இவர் எதை எடுத்தாலும் அதற்கொரு பெயர் சொல்லி எடுத்த இடத்திலேயே வைத்தாள். கடைசியில் அவளே ஒரு பந்தயம் கட்டினாள்.

"ஓட்டை இல்லாத ஒரே ஒரு காரணம் சொல்லுங்கப்பா. நான் போகல."

சொன்னால் சொன்னதுதான் அவள். அது அவருக்குத் தெரியும். மனைவியை உதவிக்குக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த அம்மாள் வாதாடுகிற ரகமே அல்ல. எதற்கும் "சரிங்க" என்பாள். அப்புறம் தான் நினைத்ததைச் செய்து முடித்துவிடுவாள். மகளுக்குப் பெட்டி வாங்கியாகிவிட்டது, பூட்டு உட்பட.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஓட்டை சார் ஒரு தில்லுமுல்லு செய்தார். 'ஒரு மகள் மலையேறும் குழுவில் வேலைக்குப் போகிறாள். தகப்பன் தடுக்கிறார். அவருக்கு ஓட்டையில்லாத ஒரு காரணம் கண்டுபிடி' என்று போர்டில் எழுதினார். இத்தனை நாள் ஓட்டை போடச் சொன்னவர் இன்று அடைக்கச் சொல்கிறாரே என்று வகுப்பு ஒரு நிமிடம் முழித்தது. பிறகு வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. பெண்கள் யாரும் அந்த வேலைக்குப் போவதில்லை என்றான் ஒருவன், மந்தை. தன் சித்தப்பா மலையில் கால் ஒடித்துக்கொண்டதை ஒருத்தி உருக்கமாகச் சொன்னாள், ஒரு சோறு. முதல் பெஞ்சில் 'வக்கீல்' என்று பட்டம் வாங்கிய ஒரு பெண் உண்டு. அவள் தூக்கிய கையை இறக்கவே இல்லை. அந்தத் தகப்பனுக்கு மற்றவர்கள் கொடுத்த முட்டுகளையெல்லாம் அவளே தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டை சாருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளை விலக்கிவிட்டுத் தானே களத்தில் குதித்தார். எல்லாம் இருக்கட்டும், இன்ஜின் அறையில் தீப்பிடித்தால் ஓட இடம் ஏது என்று கேட்டார்.

"மலையில ஏது சார் இன்ஜின் ரூம்?" என்றாள் வக்கீல்.

வக்கீல் குரலைத் தாழ்த்தி, "சார், அந்த அப்பா நீங்கதானா?" என்று கேட்டாள். மறுத்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள அதைவிட மோசமான வகுப்பு உலகத்திலேயே கிடையாது. தலையாட்டினார். கப்பலையும் பந்தயத்தையும் திங்கட்கிழமையையும் சொன்னார்.

பிள்ளைகளுக்கு வந்த குஷி சொல்லி முடியாது. ஒரு பாதி அப்பா கட்சி, மறுபாதி மகள் கட்சி. அப்பா கட்சி பரிதாபமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் வக்கீல் எழுந்து, இவ்வளவு நேரம் சார் சொன்னது எல்லாமே சாக்கு, காரணத்தைச் சொல்லவே இல்லை என்றாள். நிஜமாக எதற்காக வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டாள்.

அவர் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ போயிட்டா வீட்டுல என்கூடச் சண்டை போட ஆள் இல்ல. ஒன்பது மாசம் என்னால தாங்க முடியாது. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. கண்ணைக் கசக்கிக் காரியம் சாதிப்பதும் ஓட்டைதானே என்றான் அந்தக் கைக்காரன்.

"கையை இறக்கு," என்றாள் வக்கீல். "மார்க் வேணும்னு அழுதா அது ஓட்டை. அழுகைக்கும் மார்க்குக்கும் சம்பந்தமில்ல. இங்க பிரிஞ்சு இருக்கிறதுதானே விஷயமே? அது கஷ்டமா இருக்குன்னா அது காரணம்தான். இதுல ஓட்டை இல்ல."

அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இல்லைதான். ஜெயித்துவிட்டீர்கள் சார், நேராகப் போய் இதையே சொல்லுங்கள் என்று வகுப்பே கைதட்டி அனுப்பிவைத்தது.

வாசலைத் தாண்டும்போது ஸ்கூட்டர் பறந்தது. முதல் சிக்னல்வரை மகள் வாயடைத்து நிற்பதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது சிக்னலில் சிரிப்பு குறைந்தது. இதைச் சொன்னால் அவள் போகமாட்டாள். நிச்சயமாகப் போகமாட்டாள். ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, துறைமுக அலுவலகத்துக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் உட்காருவாள். தினமும் சாயங்காலம் வந்து இவரோடு சண்டையும் போடுவாள். ஆனால் அந்தச் சண்டையில் முன்போல உயிர் இருக்குமா? பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விளக்கு விழுந்ததைப் பார்த்தார். அங்கிருந்து வீடுவரை ஸ்கூட்டர் ஊர்ந்துதான் வந்தது.

மகள் சாப்பாட்டு மேசையில் மிக்ஸியைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தாள். கையெல்லாம் கரி. காரணம் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றார். அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தோற்கத் தயாராகிவிட்டாள் பாவம் என்று அவருக்குப் பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம தெருவுல எந்தப் பொண்ணும் கப்பலுக்குப் போகல. அதனால நீயும் போகக் கூடாது."

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "மந்தை," என்றாள்.

உன் பெரியப்பா படகில் ஏறி வாந்தி எடுத்தார் என்றார். ஒரு சோறு. திமிங்கலம் கப்பலையே கவிழ்க்குமாம் என்றார். பூச்சாண்டி. நீ இன்டர்வியூவுக்குப் போன அன்றுதான் இந்த மிக்ஸி கெட்டது என்று பெரிய ஆதாரம்போல நீட்டினார். காக்காய் உட்காரப் பனம்பழம். அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திடீரென்று மகள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"அப்பா, வேணும்னே தோக்குறீங்களா?"

"ஆளை அடிக்காதே. வாதத்துக்கு மட்டும் பதில் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் இல்லை. அவள் வாயை அவர் அடைத்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கண் நிறைந்து வர, கரிக் கையை உடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்; போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திங்கட்கிழமைவரை எதற்கு, இப்போதே சொல்கிறேன், வருகிறேன் என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. குரலில் அப்படியொரு சந்தோஷம். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் வந்து பார்த்துவிடுவாளே என்று, எதை எதில் முடுக்குவது என்று தெரியாமலேயே மிக்ஸியை முடுக்கத் தொடங்கினார்.