ஆயுத பூஜைக்குத் தேய்த்த தொட்டிகள்

ஆயுத பூஜை வந்தால் என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பேர் கோவிந்தராஜுலு, துடியலூரில் பம்ப்செட் பட்டறை. லேத், வண்டி, கேட் எல்லாம் தேய்த்து முடித்தவர், பட்டறைக்குப் பின்னாலிருந்த தொட்டிகளையும் விடவில்லை.

அந்தத் தொட்டிகள் கிருபாவுடையவை. காலேஜில் தாவரவியல் சொல்லித்தருகிற பெண். ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டு, தண்ணீருக்கடியிலேயே வளரும் செடிகளை நடப்போகிறாள். சேறு கலங்காது, மீன்குஞ்சு ஒண்டிக்கொள்ளும் என்றாள். அந்தச் செடிகளை முதலில் வளர்க்கத் தொட்டி வைக்க வெயில் படும் இடம் தேடியபோது, "நம்ம பட்டறை எதுக்குங்க இருக்குது?" என்று பெரிய மனுஷனாகச் சொன்னவர் இவர்தான்.

அதே மனுஷன் பூஜைக்கு முந்தின நாள், "சேறும் பாசியுமா, பாக்கவே கர்மம்" என்று ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். ஹோஸ் பிடித்தவள் நான். செடிகளையும் அலசித் திரும்பப் போட்டு, தொட்டிக்குச் சந்தனம், குங்குமம்கூட வைத்தோம். மறுநாளே இலையெல்லாம் வெளுத்துக் கூழாகிவிட்டது. கிருபாவுக்குப் போன் பண்ண இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

இன்று காலை செடிகளை எடுத்துப்போக வண்டியோடு வந்துவிட்டாள். ஆடி மாசத்திலிருந்து வளர்த்தது. தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"பூசைக்கு முந்துன நாளு நம்ம ஆறுச்சாமி தெரியாம பவுடரக் கொட்டிப்போட்டானுங்க" என்றார் இவர், கூசாமல்.

பட்டறையில் வேலை செய்யும் ஆறுச்சாமி பக்கத்திலேயே நின்றிருந்தார். நானும் ஹோஸைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாங்க, தெரியாம செஞ்சுபோட்டனுங்க" என்றார் ஆறுச்சாமி.

கிருபா அவரையே பார்த்தாள். "ஏனுங்கண்ணா, அன்னைக்குப் பூரா நீங்க எங்ககூடக் குளத்துல ஆகாயத்தாமரை எடுத்துட்டு இருந்தீங்களே?"

என் வீட்டுக்காரர் போனை எடுத்துத் துழாவினார். சீ என்றிருந்தது எனக்கு.

"பவுடர் போட்டது இவரு அம்மணி. ஹோஸ் புடிச்சது நானு" என்றேன். மாட்டிக்கொண்ட பிறகு சொல்வதில் என்ன பெருமை?

அவள் எங்களைத் திட்டியிருந்தால் தேவலாம். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆறுச்சாமியிடம்தான் கேட்டாள்: "செய்யாதத எதுக்குங்கண்ணா ஒத்துக்கிட்டீங்க?"

"மொதலாளி சொன்னா ஆமாங்கன்னு சொல்லிப் பழகிப்போச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு, செத்த செடிகளை அள்ள அவர் தொட்டிக்குள் கையை விட்டார்.