படுத்திருக்கும் கோடு

"அம்மா, ரயில் நிக்கும்போது கோடு ஏன் படுத்துக்குது?"

என் மகள் முத்தாலே ஐந்து வயதில் இப்படிக் கேட்டாள். சாம்பியாவின் வடக்கே, ரயில் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை. மேசைத் தாளில் குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்களின் தூரம். ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு கோடு.

"வண்டி நகராட்டியும் நேரம் நகருதுல்ல, அதான். வேகமா போனா கோடு எழுந்துக்கும்."

"செங்குத்தா நின்னா?"

"அப்படி ஓட்டுற டிரைவர் இன்னும் பொறக்கல, கண்ணு."

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. அவளைப் பெற நான் வலியோடு நிலையத்துக்கு நடந்து வந்த அன்று, அப்போது இதே மேசையில் வேலை பார்த்த கபெம்ப்வா என்ற பெரியவர் ஒரு சரக்கு ரயிலை எனக்காக நிறுத்தி வைத்தார். தாளில் பதினொரு நிமிடம் கோடு படுத்திருந்தது. தாமதத்துக்குத் தன் பெயரையே எழுதிக்கொண்டார். அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. நான் நன்றி சொல்லப் போவதற்குள் கர்த்தர் அவரை அழைத்துக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், கலுண்டா நிலையத்திலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் சிசுலோ போனில் கூப்பிட்டார்.

"முத்தாலே அம்மா, பாம்பு கடிச்ச பொண்ணை சைக்கிள்ல கொண்டு வர்றாங்க. பாலத்துகிட்ட வந்துட்டாங்களாம். சரக்கு வண்டி ரெண்டே முக்காலுக்குக் கிளம்பணும். டிரைவர் குதிக்கிறான், மரவள்ளி வேகுறவரைக்கும் நிக்கணுமான்னு."

அடுத்த நிலையம் ம்வெண்டா, முப்பது கிலோமீட்டர். ஆஸ்பத்திரி அங்கேதான். மூன்று நாற்பதுக்கு எதிரே பயணிகள் ரயில் அங்கு வந்துவிடும். அதற்குள் சரக்கு வண்டி பக்கப்பாதையில் ஒதுங்கியாக வேண்டும். இருப்பதோ ஒற்றைப் பாதை.

ஸ்கேலை வைத்தேன். வழக்கமான நாற்பது கிலோமீட்டர் வேகச் சாய்வில், மூன்று மணிக்குக் கிளம்பினால் மூன்றே முக்காலுக்குத்தான் போய்ச் சேரும். ஆகாது. பாதைக்கு அனுமதி ஐம்பது வரை. ஸ்கேலை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன். கோடு மூன்று முப்பத்தாறில் ம்வெண்டாவைத் தொட்டது. நான்கு நிமிடம் மிச்சம். ஆண்டவரே, போதும்.

"நிக்கச் சொல்லுங்க. மூணுக்குக் கிளம்பி ஐம்பதுல வரட்டும்."

"தாமதம் யாரு பேர்ல? என் தலையில கட்டிராதீங்க, அம்மா!"

"உங்க தலை வேண்டாம் எனக்கு. வண்டியைப் பாருங்க."

இரண்டு ஐம்பத்தேழுக்குப் பெண்ணை ஏற்றினார்கள். மூன்று முப்பத்தாறுக்கு வண்டி ம்வெண்டாவில் ஒதுங்கியது. ஐந்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது: பெண் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

அறையில் யாரும் இல்லை. சிவப்பு மசியால் கலுண்டாவில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படுத்த கோடு வரைந்தேன். 'பொறுப்பு' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மசி காயும்வரை ஊதி, தாளை மடித்து, பழைய தாள்களோடு அலமாரியில் வைத்தேன்.