நம்கூங் மூப்பரின் ஜெபம்

பியோ கும்ரான் ஐந்து நாவல் எழுதியவள். ஐந்திலும் ஆண்டவர் வருவார், ஐந்திலும் கட்டில் வரும்; சிலசமயம் ஒரே பக்கத்தில். முதல் நாவலில் ஒரு கன்னியாஸ்திரீ காதலில் விழுந்தாள். கத்தோலிக்கர் சங்கதிதானே, கைதட்டினோம். நான்காவதில் ஒரு புத்த பிக்கு வழுக்கினார், விருந்தே வைத்தோம். ஐந்தாவதில் எங்களைப் போன்ற பிரஸ்பிட்டேரியன் சபை. போதகரின் மகளும் ஆர்கன் வாசிப்பவளும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். ஆர்கன்காரி பஸ் ஏறிப் போவதோடு முதல் பாகம் முடிகிறது. உடனே எங்கள் பரிசுத்தம் விழித்துக்கொண்டது. அது கொட்டாவி விட்ட வேகத்தில் ஜொஞ்ஜு நகரத்துக் கூரைகளெல்லாம் பறந்தன.

“சபையை விட்டு நீக்கணும்!” என்றார் நம்கூங் மூப்பர்.

“நான் ஞானஸ்நானம் வாங்குன இடம் மூப்பரே. இங்கேருந்து துரத்திட்டா நான் யார்கூடப் போய்ச் சண்டை போடுவேன்?” என்றாள் கும்ரான். சியோலில் எத்தனையோ சபைகள் கூப்பிட்டும் போகாதவள்.

“ஆண்டவர்கூடப் போடு!”

“அவர்கூடத் தினமும் போடுறேன். நீங்கதான் பாக்கி.”

அவளை நீக்குவதா என்ற ஓட்டெடுப்புக்கு முன் எங்கள் வழக்கப்படி எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கக் கத்தி ஜெபித்தோம். அந்த இரைச்சலில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. மனதில் இருப்பதைக் கொட்ட அதைவிடப் பத்திரமான இடம் கொரியாவிலேயே இல்லை. போதகர் மணியடித்தால் நிறுத்த வேண்டும். நம்கூங் மூப்பரோ சத்தம் தாங்காமல் காது மெஷினைக் கழற்றி வைத்திருந்தார்.

மணி அடித்தது. சபை அடங்கியது. ஒரு குரல் மட்டும் அடங்கவில்லை.

“...ஆண்டவரே, அந்த ஆர்கன்காரப் பொண்ணு ரெண்டாம் பாகத்துல திரும்பி வரணும்! போதகர் மக பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறா, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது! ரெண்டு பேரையும் சேத்து வையும்! இயேசுவின் நாமத்துல கேக்குறேன்!”

அந்தக் கடைசி வரியைக் கேட்டால் எங்கள் வாய் எங்களைக் கேட்காது. பழக்கதோஷம். இருநூறு பேரும் இடிபோல முழங்கினோம்:

“ஆமென்!”

போதகரின் முகம் வெந்த முள்ளங்கியானது. “சரி... நீக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

“அதெப்படி பாஸ்டர்?” என்றாள் என் பக்கத்தில் இருந்த போங் அம்மா. “ஆமென் சொன்ன வாயில ஈரம் காயல. அதுக்குள்ள ஆண்டவர்கிட்ட, ‘சும்மா சொன்னோம்’னு சொல்லவா?”

ஒரு கையும் எழவில்லை. மூப்பர் மெஷினை மாட்டிக்கொண்டு கம்பீரமாகச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன, நீக்கியாச்சா?”

“இல்ல மூப்பரே. உங்க ஜெபத்துக்குச் சபையே ஆமென் போட்டுடுச்சு,” என்றாள் போங் அம்மா.

கும்ரான் அழுதாள். அவளுடைய ஐந்து நாவல்களிலும் ஒருத்திகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவ்வளவு அசிங்கமாக அழுததில்லை.